வாசலில் நிற்கிறேன், சிஸ்டர்

வில்லெட்டா க்ரம்ப்டனின் காலைக் காபி பத்தொன்பது நாளாக ஆறிப்போய்க்கொண்டிருந்தது.

காபியின் மேல் குற்றமில்லை. ஏழு மணிக்குக் கோப்பையை மேசையில் வைப்பாள். மூக்குக்கண்ணாடியை மாட்டுவாள். கைப்பேசியைத் திறந்து, லூஷியஸ் பொஹானன் இன்றைக்கு எதற்குச் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று பார்ப்பாள். வந்திருக்க மாட்டார். மேலே தள்ளிப் பார்ப்பாள், கீழே தள்ளிப் பார்ப்பாள். "தொல்லை விட்டுதுன்னு இருக்காம இது என்ன தேடல்?" என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வாள். கேட்டுவிட்டு எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

லூஷியஸை அவள் நேரில் பார்த்து ஐம்பது வருடம் ஆகிறது. இருபது வயதில் பஸ் ஏறி வடக்கே மில்வாக்கிக்குப் போனவர் அங்கேயே நகரப் பேருந்து ஓட்டி, அங்கேயே ஓய்வும் பெற்றுவிட்டார். அவள் மிசிசிப்பியில், பிறந்த ஊரான வெர்னன் கிராஸிங்கிலேயே இருந்து, முப்பது வருடம் தபால் ஆபீசில் கடிதம் பிரித்து ஓய்வு பெற்றவள். இருவரையும் சேர்த்து வைத்தது 'வெர்னன் கிராஸிங் மக்கள்' என்கிற முகநூல் குழு. குழுவில் இரண்டாயிரத்து முந்நூறு பேர். ஊரில்கூட அத்தனை பேர் கிடையாது. பாதிப் பேர் சிகாகோ, டெட்ராய்ட், செயின்ட் லூயிஸ் என்று பிழைக்கப் போனவர்களும் அவர்கள் பிள்ளைகளும். குழுவைத் தொடங்கியவள், காவல்காரி, நீதிபதி எல்லாம் வில்லெட்டாதான்.

காவல் அவளுக்குப் புதிதல்ல. மவுண்ட் நீபோ சபையில் வாசல் ஊழியத்துக்குத் தலைவி அவள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சீருடையும் வெள்ளைக் கையுறையும் போட்டுக்கொண்டு, இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்து அவள் கதவருகே நின்றால், பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். யார் எந்த பெஞ்சில் உட்காருவது, எப்போது உள்ளே வரலாம், எப்போது கூடாது எல்லாம் அவள் கை அசைவில்தான். ஜெபம் நடக்கும்போது ஆளுநரே வந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும். டீக்கன் மேடக்ஸ் ஆதாமில் ஆரம்பித்து ஒவ்வொரு முற்பிதாவாக இழுத்து ஜெபித்தாலும் அப்படியேதான். ஜெபம் முடியும், அவள் கதவைத் திறப்பாள், முன்னால் நடப்பாள், இடத்தைக் காட்டுவாள். அதுவரை யாரும் அசையக்கூடாது.

குழு தொடங்கின புதிதில் அது குழுவாகவா இருந்தது? சந்தைக்கடை. ஒரு தடவை, அந்தக் காலத்து இரண்டு நாவிதர்களில் யார் கை சுத்தம் என்று ஒருவர் கேட்டுத் தொலைத்தார். செத்து இருபது வருடமான இரண்டு நல்ல மனிதர்கள். பேச்சு மூன்று மணி நேரத்தில் கத்தரிக்கோலிலிருந்து கிளம்பி ஒருவருடைய அம்மா வரைக்கும் போய்விட்டது. கூடப் பிறந்த அண்ணன் தம்பிகள் ஒருவரையொருவர் 'பிளாக்' செய்துகொண்டார்கள். மறுநாள் காலை வில்லெட்டா எழுதினாள்:

"எல்லாரும் சபையில வளர்ந்தவங்கதானே? ஆராதனை நடுவுல எழுந்து போகணும்னா என்ன பண்ணுவோம்? ஒத்த விரலைத் தூக்கிக் காட்டிட்டு, தலையைக் குனிஞ்சு, சத்தமில்லாம வெளிய போவோம். இனிமே இங்கயும் அதான். ரத்தம் சூடேறினா விரலைக் காட்டு. வெளிய போ. தண்ணி குடி. நீ வெளிய இருக்கற வரைக்கும் உன்னைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கக்கூடாது. திரும்பி வந்தா 'வாசல்ல நிக்கறேன்'னு எழுது. நான் வந்து இடம் காட்டுவேன். திட்டணும்னா திட்டிக்கோ, ஆனா முன்னாடி 'மரியாதையோட சொல்றேன்'னு போட்டுட்டுத் திட்டு."

ஒற்றை விரலைத் தூக்கினால் நம்மூர்ப் பள்ளிக்கூடங்களில் வேறு அர்த்தம். அதை இங்கே யாரும் நினைக்க வேண்டாம். இங்கே அதற்கு "மன்னிக்கணும், குறுக்கே போகிறேன், திரும்பி வருவேன்" என்று பொருள். நாலு வயதில் அம்மா தொடையில் கிள்ளிச் சொல்லிக்கொடுத்தது, எழுபது வயதிலும் மறக்காது. குழுவில் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக விரல் படத்தைப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்கள். டெட்ராய்ட்டில் ஒருவர் கோபத்தில் கைப்பேசிக்கு எதிரே நிஜமாகவே விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனாராம். அவர் மனைவியே எழுதினாள்.

அந்தச் சட்டத்தை ஒரு கலையாக ஆக்கினவர் லூஷியஸ்.

"மரியாதையோட சொல்றேன், சிஸ்டர் க்ரம்ப்டன்," என்று ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு காலையில் ஆரம்பித்தார், "பேனக்கர் பள்ளிக்கூடத்து ஜிம் சுவர் நீலம்னு எழுதியிருக்கீங்க. அது பச்சை. உங்க ஞாபகசக்தி ஓட்டைப் பானை."

"மரியாதையோட சொல்றேன், பிரதர் பொஹானன், பானை ஓட்டையோ என்னவோ, கண்ணு நல்லா இருக்கு. நீலம்."

பச்சையா நீலமா என்பது இன்றுவரை முடிவாகவில்லை. புயல் அடித்தது அறுபத்தாறிலா அறுபத்தேழிலா, எக்கோல்ஸ் கடை மீன் எந்த மீன், பழைய பாஸ்டருக்குப் பொய்ப்பல்லா சொந்தப் பல்லா என்று ஒன்பது வருடம் ஓடிவிட்டது. இரண்டு பேரும் தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். ஆனால் ஒரு நாளும் ஒரு வார்த்தை தடித்ததில்லை. வேகவைத்த வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டே இவர்களைப் படிப்பதற்கென்று குழுவில் ஒரு கூட்டம் இருந்தது.

நாலு வருடத்துக்கு முன் வில்லெட்டாவின் கணவன் ஹோரஸ் இறந்தான். அடக்கம் முடிந்த மறுவாரத்திலிருந்து லூஷியஸ் தினமும் காலை சரியாக ஏழு மணிக்கு ஏதாவதொரு அபத்தத்தை எழுதி அவள் பெயரைக் கோத்துவிட ஆரம்பித்தார். ரயில் நிலையத்துக்கு இரண்டு வாசல் என்பார். மூன்று என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். படுக்கையை விட்டு எழ மனமில்லாமல் கிடந்தவளுக்கு அதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வரும். எழுந்து உட்கார்ந்து பதில் எழுதுவாள். எழுதி முடித்ததும் பசிக்கும். அந்த மனிதர் வேண்டுமென்றேதான் தப்பாக எழுதினார் என்பது அவளுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் உறைத்தது. அவள் நன்றி சொல்லவில்லை. "மூணு வாசல்" என்று மட்டும் மறுபடி எழுதினாள். அவருக்குப் புரிந்திருக்கும்.

அப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் பத்தொன்பது நாளைக்கு முன் அவள் விரட்டிவிட்டாள்.

விஷயம் பேனக்கர் பள்ளிக்கூடம்தான். கறுப்புப் பிள்ளைகளுக்கென்று ஊரார் தாங்களே செங்கல் சுமந்து கட்டிய பள்ளி. எழுபதில் மூடியது, மூடியதுதான். கூரை விழுந்துவிட்டது. உள்ளே பாம்பு. வில்லெட்டாவின் வீடு அதற்குப் பக்கத்துத் தெருவில். இடித்துவிட்டுப் பூங்கா போட வேண்டும், வயசானவர்கள் நடக்க ஒரு பாதை வேண்டும் என்பது அவள் கட்சி. இடிக்கக்கூடாது, பழுது பார்க்க வேண்டும் என்பது லூஷியஸின் கட்சி. அவர் அம்மா அந்தப் பள்ளிச் சமையலறையில் பதினெட்டு வருடம் சமைத்தவள். மற்ற சண்டைகள் போல் இல்லை இது. பஞ்சாயத்தார் வேறு, ஊர் என்ன நினைக்கிறது என்று கேட்டிருந்தார்கள்.

முந்நூறு கமெண்ட் போய்விட்டது. லூஷியஸ் எழுதினார்: "மரியாதையோட சொல்றேன், அந்தக் கட்டடத்துல எழுத்துக் கத்துக்கிட்டவங்க எந்த ஊர்ல தூங்கினாலும் அவங்களுக்கும் ஒரு சொல் உண்டு."

அன்று காலைதான் வில்லெட்டா தன் தோட்டத்தில் ஒரு விஷப்பாம்பைக் கொன்றிருந்தாள். கையைக்கூடக் கழுவாமல் கைப்பேசியை எடுத்துத் தட்டினாள்:

"நீங்க போயிட்டீங்க. பாம்போட இருக்கறவ நான். பஸ் ஏறிப் போனவங்க இடம் பஸ் கிளம்பினப்பவே போச்சு. உங்க இடத்துல வேற ஆள் உக்காந்து ஐம்பது வருஷம் ஆச்சு."

'மரியாதையோட' போடவில்லை. அனுப்பின பிறகுதான் அது கண்ணில் பட்டது.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம். இரண்டாயிரத்து முந்நூறு பேர் முன்னால் சொல்லைக் கொட்டினால்? லூஷியஸ் ஒரே ஒரு விரல் படம் போட்டார். வேறொன்றும் எழுதவில்லை. ஆனால் மற்றவர்கள் எழுதினார்கள். போனவர்கள் ஒரு பக்கம், இருப்பவர்கள் ஒரு பக்கம் என்று குழு இரண்டாகப் பிளந்து நின்றது. வில்லெட்டா பயந்துபோய், இனிமேல் எந்தப் பதிவும் நிர்வாகி பார்த்து அனுமதித்தால்தான் வெளியே வரும் என்று மாற்றிவிட்டு, "பார்த்துக்கோ" என்று இன்னொரு நிர்வாகியான தோழி ஃபான்டெல்லாவிடம் சொல்லிவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்துப் போட்டாள்.

சூடு தணிந்தால் வருவார் என்று காத்திருந்தாள். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். வரவில்லை. அவளாக ஒரு வரி எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எழுதமாட்டாள். வாசல் ஊழியக்காரி கதவை விட்டு நகர்ந்து தெருவில் போய் யாரையும் கையைப் பிடித்து இழுத்து வரமாட்டாள். வாசலுக்கு வந்தவரைத்தான் உள்ளே அழைப்பாள். அது வழக்கம். வழக்கத்துக்குப் பின்னால் கொஞ்சம் வீம்பும் ஒளிந்துகொண்டிருந்தது. அதை வெள்ளைக் கையுறை மூடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம். மறுநாள் சபையின் ஊர்கூடும் ஞாயிறு. வெளியூர்க்காரர்கள் எல்லாரும் வருகிற நாள். சபை மண்டபத்து மேசையில் வில்லெட்டாவும் ஃபான்டெல்லாவும் கைவிசிறிகளையும் ஆராதனைத் தாள்களையும் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஃபான்டெல்லா ஊரில் சவுரிமுடிக் கடை வைத்திருக்கிறாள். வாரத்துக்கொரு தலையோடு வருவாள். இந்த வாரம் செம்பட்டை.

"உன் மூஞ்சி ஏன்டி மூணு வாரமா இப்படி இருக்கு?" என்றாள் ஃபான்டெல்லா.

"எப்படி இருக்கு?"

"சம்பந்தி வீட்டுல சாப்பாடு பத்தாம எழுந்து வந்த மாதிரி."

"குழு செத்துப்போச்சு, ஃபான்டெல்லா. ஒருத்தரும் எழுதறதில்ல."

"எழுதினா நீ எங்க விடறே? எல்லாத்தையும் பூட்டி வச்சிருக்கே."

வில்லெட்டாவின் கை விசிறியோடு நின்றது. "நான் எங்க பூட்டினேன்? நீதானே பார்த்துப் பார்த்து அனுமதிக்கணும்?"

"நானா? 'பார்த்துக்கோ'ன்னே. குழுவைப் பார்த்துக்கிட்டுதானே இருக்கேன். தினமும் திறந்து பார்க்கறேன், ஒண்ணுமே இல்லையேன்னு மூடிடறேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நாலு கைகளும் ஒரே கைப்பேசிக்குப் பாய்ந்தன.

காத்திருக்கும் பதிவுகள், நாற்பத்தேழு. மலிவு விலைக் குளிர்கண்ணாடி. பத்து நாளில் தொப்பை கரைய ஒரு பொடி. மறுபடி குளிர்கண்ணாடி. அவற்றுக்கு நடுவே, சட்டைக் காலரை இறுகப் பூட்டியபடி லூஷியஸ் பொஹானனின் சின்னப் படம். அடுத்ததும் அவரே. மொத்தம் ஆறு.

முதலாவது, சண்டை நடந்த அன்றைக்கே, விரல் காட்டி நாற்பது நிமிடத்துக்குள் எழுதியது: "தண்ணி குடிச்சாச்சு. வாசல்ல நிக்கறேன், சிஸ்டர்."

மறுநாள்: "இன்னும் வாசல்லதான். நிர்வாகி அனுமதிக்கணும்னு காட்டுது. உள்ள டீக்கன் மேடக்ஸ் ஜெபம் பண்றார் போல. அவசரம் இல்ல."

நாலாவது நாள்: "டீக்கன் இப்ப ஆபிரகாமைத் தாண்டி ஈசாக்கு கிட்ட வந்திருப்பார். பழைய கமெண்ட்டுக்கு அடியில எழுதி உள்ள வந்துடலாம்னு என் மக சொல்றா. பக்கவாசல் வழியா நுழையறவன் நான் இல்லன்னு சொல்லிட்டேன்."

ஒன்பதாவது நாள்: "நாளைக்கு முழங்கால் ஆபரேஷன். நிக்க முடியாது. மரியாதையோட கேக்கறேன், வாசல்ல ஒரு நாற்காலி போட்டுக்கலாமா?"

பன்னிரண்டாவது நாள்: "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. மயக்கம் தெளியும்போது 'பச்சை, பச்சை'ன்னு சொன்னேனாம். நர்ஸ் பயந்துட்டா."

ஃபான்டெல்லா செம்பட்டை முடி குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். வில்லெட்டாவும் சிரித்தாள். ஆறாவது, நேற்று எழுதியது:

"சிஸ்டர் க்ரம்ப்டன், என் இடத்துல நிஜமாவே வேற ஆள் உக்காந்தாச்சுன்னா, நான் பின்னால நின்னுக்கிட்டே கேக்கவும் தயார். போயிடுன்னா மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. தெரியாம நிக்கறதுதான் கஷ்டமா இருக்கு."

வில்லெட்டா சிரிப்பை நிறுத்தப் பார்த்தாள். நிறுத்தவும் முடியவில்லை, அது அழுகையாக மாறிவிட்டது. ஹோரஸின் அடக்கத்தன்று கூட ஊழியச் சீருடையில் கண் கலங்காமல் நின்றவள், அட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்து சத்தமாக அழுதாள்.

"ஒரு மனுஷனைப் பத்தொன்பது நாள் வாசல்ல நிக்க வச்சிருக்கேன்டி. ஆபரேஷன் பண்ணின காலோட."

"சரி சரி. பட்டனை அமுத்து. உள்ள வந்துடுவார்."

"மாட்டேன்."

"உனக்குப் பைத்தியமா?"

"உன் இடம் போச்சுன்னு ஊரே பார்க்கச் சொன்னேன். இப்ப ஒருத்தருக்கும் தெரியாம பட்டனை அமுத்தி உள்ள விடறதா? அது பக்கவாசல் இல்லாம வேற என்ன? அவரே வேண்டாம்னுட்டார். நடந்து போய் இடத்தைக் காட்டணும். ஊர் பார்க்கணும்."

"இடத்தைக் காட்டப்போறியா? அவர் மில்வாக்கில கட்டில்ல கிடக்கார்டி! ஏற்கனவே பத்தொன்பது நாள். இன்னும் ஒரு ராத்திரி காய வைக்கப்போறியா? உன் கையுறையைத் தூக்கி அடுப்புல போட!"

அது நியாயம்தான் என்று வில்லெட்டாவுக்குப் பட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு லூஷியஸுக்குத் தனியாக ஒரு வரி அனுப்பினாள். ஒன்பது வருடத்தில் முதல் தனிச் செய்தி: "இப்பதான் கதவுக்கு வெளிய எட்டிப் பார்த்தேன். நீங்க நிக்கறது எனக்குத் தெரியவே தெரியாது. ஜெபம் முடியப்போகுது. நாளைக்கு ஆராதனை நேரலையைப் பாருங்க."

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. "நிக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை வெயில் காலையிலேயே கொளுத்தியது. மெம்ஃபிஸ், சிகாகோ, இன்னும் எங்கெங்கிருந்தோ வந்த வண்டிகள் சாலை முனை வரைக்கும் நின்றன. வில்லெட்டா விடியற்காலையிலேயே வந்து, இடது பக்கம் மூன்றாவது பெஞ்சில், ஜன்னலோரமாக லூஷியஸின் அம்மா அந்தக் காலத்தில் எப்போதும் உட்கார்ந்த இடத்தில் ஒரு ஆராதனைத் தாளையும் ஒரு விசிறியையும் வைத்துவிட்டுப் போயிருந்தாள். கூட்டம் வர ஆரம்பித்ததும் வாசலில் வேலை சரியாக இருந்தது. பாட்டு முடிந்து எட்டிப் பார்த்தால், அந்த விசிறியை எடுத்து வீசிக்கொண்டு, அந்த இடத்தில் சிஸ்டர் ஜெருஷா டேட் உட்கார்ந்திருந்தாள்.

ஜெருஷா டேட்டை நகர்த்துவது பள்ளிக்கூடத்தை இடிப்பதைவிடப் பெரிய வேலை. ஆள் கனம், தொப்பி அதைவிடக் கனம். பள்ளியை இடிக்கச் சொன்னவர்களில் குரல் உயர்ந்தவளும் அவள்தான். "போனவங்களுக்கு இங்க என்ன பேச்சு" என்று குழுவில் எழுதியவள்.

வில்லெட்டா பெஞ்சருகே போய், கையுறை போட்ட இரண்டு விரலால் 'கொஞ்சம் தள்ளி' என்று காட்டினாள். ஜெருஷா கவனியாத மாதிரி வீசிக்கொண்டாள். மறுபடி காட்டினாள்.

"யாருக்கு?" என்றாள் ஜெருஷா விசிறிக்குப் பின்னாலிருந்து.

ஊழிய நேரத்தில் பேசுவது வழக்கமில்லை. வில்லெட்டா குனிந்து கிசுகிசுத்தாள். "லூஷியஸ் பொஹானனுக்கு."

"அவன் மில்வாக்கிலல்ல இருக்கான்?"

"ஆமா."

ஜெருஷா தொப்பியைத் திருப்பி வில்லெட்டாவின் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். யாருமில்லை. "அவன் பேசற பேச்சே எனக்கு ஆகாது."

"எனக்கும்தான் ஆகாது. தள்ளி உக்காருங்க."

ஜெருஷா அவளை ஒரு கணம் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, பெருமூச்சு விட்டு, இடுப்பைத் தூக்கி நகர்ந்தாள். அவள் நகர, பக்கத்திலிருந்த சிகாகோக் குடும்பம் நகர, அதற்கப்பால் இருந்தவர்கள் நகர, பெஞ்சு முழுக்க ஒவ்வொருவராக ஓர் ஆள் அகலம் தள்ளி உட்கார்ந்தார்கள். ஜன்னலோரத்தில் ஓர் இடம் காலியாயிற்று. விசிறியை மட்டும் ஜெருஷா தரவில்லை. வில்லெட்டா வேறொன்று வைத்தாள்.

பிறகு கதவருகே திரும்பி, வெளியே போய் நின்றாள். டீக்கன் மேடக்ஸ் ஜெபத்தைத் தொடங்கினார். ஆதாமில் ஆரம்பித்தார். வில்லெட்டா இடது கையை முதுகில் மடித்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு நின்றாள். நோவா வந்தார். ஆபிரகாம் வந்தார். முதுகில் வியர்வை வழிந்தது. பத்தொன்பது நாள் இப்படித்தானே நின்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். பதினோராவது நிமிடம் ஆமென் சொன்னார்கள்.

வில்லெட்டா இரண்டு கதவுகளையும் அகலத் திறந்தாள். வெறும் வாசலுக்குத் தலை தாழ்த்தினாள். திரும்பி, நடுப்பாதையில் நடந்தாள். பின்னால் நொண்டி வருகிற ஒருவருக்காக நடக்கிற மாதிரி மெதுவாக, நின்று நின்று நடந்தாள். எல்லாத் தலையும் திரும்பியது. மாடியில் காமிராவைப் பிடித்திருந்த பெண் அவள் கூடவே காமிராவை நகர்த்தினாள். மூன்றாவது பெஞ்சில் நின்று, வில்லெட்டா வலது கையை நீட்டி ஜன்னலோர இடத்தைக் காட்டினாள். ஓர் ஆள் உட்காருகிற நேரம் காத்திருந்தாள். பிறகு மறுபடி தலை தாழ்த்திவிட்டு, வந்த வழியே திரும்பினாள்.

குழுவில் இருந்தவர்களுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. கடைசி பெஞ்சில் ஃபான்டெல்லாவின் மடியில் இருந்த கைப்பேசியில் நேரலைக்குக் கீழே கமெண்ட்டுகள் மழையாகக் கொட்டின. டெட்ராய்ட், செயின்ட் லூயிஸ், யார் யாரோ. "இடம் இருக்கு!" "உக்காருங்க பிரதர்!" "யாருப்பா வெங்காயம் உரிக்கறது?" லூஷியஸ் பெயரில் மட்டும் ஒன்றும் இல்லை. வில்லெட்டா கதவருகே நேர்ப்பார்வையில் நின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போயிருப்பாரோ? காத்திருந்து காத்திருந்து வேண்டாமென்று போயிருப்பாரோ?

ஃபான்டெல்லா திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு, கைப்பேசியைத் தூக்கி வில்லெட்டாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"உக்காந்துட்டேன், சிஸ்டர் க்ரம்ப்டன். நன்றி. கொஞ்ச நேரம் எழுத முடியல, கண்ணாடி பனி பிடிச்சுப்போச்சு."

அதற்குக் கீழேயே இன்னொன்று:

"மரியாதையோட சொல்றேன், இது மூணாவது பெஞ்சு. எங்கம்மா உக்காந்தது நாலாவது. இங்க ட்ரம் காதைக் கிழிக்குது."

முப்பத்தாறு வருட ஊழியத்தில், ஆராதனை நடுவில் வில்லெட்டா க்ரம்ப்டன் கையுறையைக் கழற்றியதை யாரும் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார்கள். வலது கையுறையைப் பல்லால் கடித்து உருவினாள். ஃபான்டெல்லாவின் கைப்பேசியைப் பிடுங்கி, கதவில் சாய்ந்து நின்று தட்டினாள்.

"வில்லெட்டா எழுதறேன். உங்க இடம் போச்சுன்னு சொன்னது தப்பு. எல்லாரும் பார்க்கச் சொன்னேன், எல்லாரும் பார்க்க மன்னிப்புக் கேக்கறேன். உங்க இடம் உங்களோடதுதான், எந்த ஊர்ல தூங்கினாலும். கட்டட விஷயத்துல நீங்க சொல்றது இன்னும் தப்புதான்; நாளைக்குப் பேசலாம்."

அனுப்பினாள். கையுறையை மாட்டப் போனவள், மறுபடி கழற்றி இன்னொரு வரி சேர்த்தாள்.

"மரியாதையோட சொல்றேன். மூணாவது."

மறுநாள் காலை ஏழு மணிக்கு வில்லெட்டா கோப்பையை மேசையில் வைத்தாள். கைப்பேசி மணியடித்தது. லூஷியஸ் பழைய புகைப்படம் ஒன்றைப் போட்டிருந்தார். பெஞ்சு பெஞ்சாகத் தலைகள், ஜன்னலோரத்தில் ஒரு வெள்ளைத் தொப்பி. "எண்ணிக்கோங்க, சிஸ்டர். பள்ளிக்கூடத்தைப் பத்தி எட்டு மணிக்கு வரேன்." அதற்குக் கீழே ஜெருஷா டேட் அந்நேரத்திலேயே எழுந்து வந்து, பாடகர் குழுவின் பெஞ்சையும் சேர்த்து எண்ணினால்தான் நாலு வரும் என்று மரியாதையோடு எழுதியிருந்தாள்.

வில்லெட்டா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினாள். ஒவ்வொரு பெஞ்சாக விரல் வைத்து எண்ணினாள். அன்றைக்கும் காபி ஆறித்தான் போயிற்று.